தண்ணீர் மணி அடிக்கிறது. எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பள்ளி விளையாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் கட்டுரைகளையும் விடாமல் படித்து வருகிறேன். மைதானம் இல்லை, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார் என்னும் குறைகளெல்லாம் அவற்றில் சரியாகவே சுட்டப்படுகின்றன. ஆனால் பணிக்காலம் முழுவதும் என் கண்ணெதிரே இருந்தும் நானே பல ஆண்டுகள் கவனிக்கத் தவறிய ஒன்று அந்தக் கட்டுரைகளிலும் இடம்பெறுவதில்லை. விளையாட வரும் பிள்ளை குடிக்கிற தண்ணீரைத்தான் சொல்கிறேன்.

இப்போது இதை எழுதத் தூண்டியது தண்ணீர் மணி. கேரளப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டு தொடங்கிய இந்த வழக்கம் 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை 11 மணி, பகல் 1 மணி, பிற்பகல் 3 மணி என மூன்று வேளை மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கு நீர் வற்றினாலே ஓடும் கால் தளர்ந்துவிடும் என்பதை உடற்கல்விக் கல்லூரியில் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். வெயிலில் ஒரு மணி நேரம் கபடி ஆடிய பிள்ளைக்குத் தலைவலி வருவதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் எந்த உடற்கல்வி ஆசிரியருக்கும் புதிதல்ல. ஆயினும் எங்கள் மாவட்டத்தில் அந்த மணி அடிக்கும்போதெல்லாம் என் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: குடி என்கிறோமே, எந்தத் தண்ணீரை?

தருமபுரியும், 2004ஆம் ஆண்டு வரை அதனோடு ஒன்றாக இருந்த கிருஷ்ணகிரியும் கருங்கல் பூமிகள். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கும் நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அந்தப் பாறையிலிருந்தே மெல்லக் கரைந்து சேர்கிறது. என் தாத்தா காலத்தில் கிணற்றில் இருபது முப்பது அடியில் மழைநீர் ஊறிக் கிடந்தது. பின்னர் மேல்நீர் வற்ற வற்ற ஐந்நூறு அடி, எண்ணூறு அடி என்று போர் போட்டுக்கொண்டே போனோம். ஆழம் கூடக் கூடப் பாறையோடு உறவாடிய பழைய நீர்தான் மேலே வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துப் போர்கள் பலவற்றில் இது அந்த எல்லையைத் தாண்டும் என்பது அரசுக்கும் தெரியும், மருத்துவர்களுக்கும் தெரியும். நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காத பொருள் என்பதால் குடிப்பவருக்கு மட்டும் தெரியாது. பார்க்கப் பளிங்காக இருக்கிற தண்ணீரைக் கெட்ட தண்ணீர் என்று ஒரு தாயை நம்ப வைப்பது எவ்வளவு கடினம் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும். காய்ச்சிக் கொடுத்துவிடலாமே என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டுவதால் மீந்த நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். குளோரினுக்கும் அது அசைந்து கொடுக்காது.

இதற்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் செய்தி, ஓடி ஆடும் பிள்ளைதான் அதிகம் குடிக்கும் என்பது. கணக்குக்காக ஒரு லிட்டரில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்பில் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளை நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால் நாலரை மில்லிகிராம் உள்ளே போகிறது. அதே பிள்ளை மாலையில் மண்டலப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்து இரண்டரை லிட்டர் குடித்தால் ஏழரை மில்லிகிராம். அதாவது விளையாட்டில் எவ்வளவுக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு எலும்பில் சேரும் பாரமும் கூடுகிறது. வெப்பமான ஊரில் மக்கள் அதிகம் குடிப்பார்கள், ஆகவே அங்கே ஃபுளோரைடின் அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதை உலகம் முன்பே உணர்ந்திருந்தது. பல் நலத்துக்காகக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கும் அமெரிக்காவிலேயே, 1962இல் வகுத்த அளவுகளில் குளிர்ந்த ஊர்களுக்கு லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்றும் வெப்பமான ஊர்களுக்கு 0.7 என்றும் வேறுபடுத்தி வைத்தார்கள். சித்திரை வெயிலில் பென்னாகரத்துப் பிள்ளை குடிக்கும் அளவை எண்ணிப் பார்த்தால் நமக்கு எந்த எண் பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செய்தியை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் காலைக் கூட்டுப் பயிற்சியில் எப்போதும் பின்தங்குவான். குனிந்து கால்விரலைத் தொடு என்றால் முட்டியை மடக்கிவிடுவான். கைகளைப் பிடரியில் கோத்துக்கொள் என்றால் பாதியில் நிறுத்திவிட்டு இரு பக்கமும் பார்ப்பான். முட்டி வலிக்கிறது என்று இரண்டு முறை சொன்னான். பன்னிரண்டு வயதில் என்னடா முட்டிவலி, உன் தாத்தாவுக்கு வர வேண்டியது உனக்கு வந்துவிட்டதா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்து, மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னேன். அவன் அழாமல் ஓடினான். சுற்று முடிந்ததும் நேராகப் பள்ளிக் குழாயடிக்குப் போய்க் கையை ஏந்தி நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தான்.

சில ஆண்டுகள் கழித்து ஃபுளோரைடு பாதிப்பைப் பற்றி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி ஒன்றில், எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஊசியோ எக்ஸ்ரேயோ இல்லாமல் முதற்கட்டமாகக் கண்டறியும் மூன்று எளிய சோதனைகளை ஒரு மருத்துவர் செய்து காட்டினார். முட்டியை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது. தாடையால் மார்பைத் தொடுவது. கைகளை விரித்து மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொடுவது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உடல் குறுகிப் போயிற்று. நான் தினமும் காலையில் முந்நூறு பிள்ளைகளைச் செய்யச் சொல்லும் பயிற்சிகள்தானே அவை? நோயின் அறிகுறி ஒவ்வொரு நாளும் என் முன் வரிசையில் வந்து நின்றிருக்கிறது. நான் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பையனுடைய வலிக்குக் காரணம் ஃபுளோரைடுதான் என்று இன்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது அது. உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியை நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூட்டு இறுகினால் உழைப்பு நின்றுபோகும் என்பதை இந்த நாட்டில் முதலில் மனிதரிடத்தில்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதி உழவர்கள் ஏர் மாடுகள் நடக்க மாட்டாமல் முடங்குவதைக் கண்டுதான் ஏதோ கோளாறு என்று உணர்ந்ததாகச் சொல்வார்கள். 1937இல் அங்குள்ள மக்களிடம், ஃபுளோரைடு மிகுவதால் வரும் ஃபுளோரோசிஸ் என்னும் இந்நோய் பரவியிருப்பதை மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிறகு 1973இல், ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும்படி உள்நோக்கி வளைந்து போவதைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. சுண்ணாம்புச் சத்துக் குறைவான உணவும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு கூடும் என்பது பின்னாளில் மேலும் தெளிவாயிற்று. எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களி அந்த வகையில் ஒரு காவல்தான். அதைக் கைவிட்டுக் காலையில் வெறும் டீயும் வர்க்கியுமாகப் பிள்ளைகளை அனுப்புகிற வழக்கம் எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு. புளி சேர்த்த உணவு உண்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியதாக ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வையும் நான் படித்திருக்கிறேன். புளிக்குழம்பு போதும், குழாய் வேண்டாம் என்று இதற்கு யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது.

எலும்பு பாதிக்கப்படும் பிள்ளைகள் சிலரே. பல் பாதிக்கப்படும் பிள்ளைகள் பலர். நிலைத்த பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடுவதால் அந்த வயதுக்குள் குடித்த தண்ணீர் பல்லில் காவிக் கோடாக நின்றுவிடுகிறது. எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. விளையாட்டுக்குப் பல் எதற்கு என்று கேட்கலாம். மாவட்ட அளவிலான 800 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற என் மாணவி ஒருத்தி, புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னபோது சான்றிதழை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். கையை இறக்கம்மா என்று புகைப்படக்காரர் மூன்று முறை சொல்லியும் அவள் இறக்கவில்லை. அடுத்த சுற்றுக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. அங்கே எல்லாரும் கேட்பாங்க சார் என்று அவள் சொன்னது ஓட்டத்தைப் பற்றியன்று. நான் எவ்வளவோ பேசித்தான் அவளை அழைத்துச் சென்றேன். பேச ஆள் இல்லாத பள்ளிகளில் அப்படி எத்தனை பேர் பின்வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. ஜப்பான் நிதியுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டிய பிறகு எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் அதனால் நேர்ந்த தாமதத்தையும் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இருப்பதை வைத்தே இது சாதாரணக் குடிநீர்த் திட்டமன்று என்பது விளங்கும். எங்கள் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் குழாயடியில் குடத்துக்குக் குங்குமம் வைத்தவர்களை நான் பார்த்தேன். பயனும் உண்டு, அத்தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்த ஊர்களில் பிறந்து வளர்ந்த சிறு பிள்ளைகளின் பற்கள் அவர்களுடைய அண்ணன்மார் பற்களைவிட வெள்ளையாக இருப்பதைக் காண்கிறேன்.

குறை எங்கே என்றால் கடைசி நூறு அடியில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிறது. வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள். இரண்டும் கலந்து ஒரே குழாயில் வரும்போது அன்றைய தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று தொட்டி இயக்குபவருக்கே தெரியாது. பள்ளிகளின் நிலை இதைவிட மோசம். வீட்டில் தாய் ஆற்றுத் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் எடுப்பார். போர்த் தண்ணீர் துவைக்கவும் குளிக்கவும் போகும். பள்ளியில் அப்படிப் பிரித்து வைக்க யார் இருக்கிறார்கள்? மொட்டைமாடியில் கறுப்பு சின்டெக்ஸ் ஒன்று. கழிப்பறைக்கும் அதுவே, குடிப்பதற்கும் அதுவே, சத்துணவுக் கூடத்தில் அரிசி வேக வைக்கவும் அதுவே. சோறு நீரை உறிஞ்சி வேகிறது என்பதால் அந்த வழியாகவும் ஃபுளோரைடு தட்டுக்கு வருகிறது. நன்கொடையாகக் கிடைத்த ஆர்.ஓ. இயந்திரங்கள் சில பள்ளிகளில் உண்டு. வடிப்பான் மாற்றப் பணம் ஒதுக்காததால் இரண்டாம் ஆண்டிலேயே அவற்றின் மேல் வருகைப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காவிரி விழும் ஒகேனக்கல்லே எங்கள் பென்னாகரம் வட்டத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் இந்த நிலை இன்னும் உறுத்துகிறது.

தண்ணீரின் தரம் ஒருபுறம் என்றால் அது வரும் நேரம் மறுபுறம். பெண் பிள்ளைகளின் கோ-கோ அணியைப் பதினோரு ஆண்டுகள் பயிற்றுவித்தேன். துரத்தும் அணியில் எட்டுப் பேர் கட்டங்களில் அமர, ஒன்பதாமவர் ஓட வேண்டும்; ஒரு கட்டம் காலியானால் ஆட்டம் ஆட்டமாக இராது. மாலை நான்கரைக்குத் தெருவில் தண்ணீர் விடும் நாள்களில் என் அணியில் மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும். தண்ணி வந்துடும் சார் என்று கயிற்றை அவிழ்த்துவிட்ட கன்றுகள் போல ஓடுவார்கள். பயிற்சியில் அவ்வளவு வேகமாக அவர்கள் ஓடி நான் கண்டதில்லை. அதே வீடுகளின் ஆண் பிள்ளைகள் பக்கத்துத் திடலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், வீட்டு வளாகத்தில் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்களுடையதே என்றும், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களிலும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளே அதிகம் தண்ணீர் சுமக்கிறார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள். என் வருகைப் பதிவேடு அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது. மாதவிலக்கு நாள்களில் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராத பள்ளியில் மைதானத்துப் பக்கமே வராத பிள்ளைகளின் கதை இன்னொரு கடிதத்துக்கு உரியது.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணையில் பாதுகாப்பான, போதுமான குடிநீர் வசதியும் விளையாட்டு மைதானமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. சட்டம் எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே பள்ளிக்குள் இருக்க வேண்டியவை என்று தோன்றியிருக்கிறது; நிர்வாகத்தில்தான் அவை இரண்டு துறைகளாகி, ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன. 2024இல் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கியபோது எங்கள் ஊராட்சிக்கு வந்த பந்துகளையும் மட்டைகளையும் நான் ஆசையோடு பிரித்துப் பார்த்தேன். எங்கள் காலத்தில் ஒரு வாலிபாலுக்கு எட்டு முறை பஞ்சர் ஒட்டுவோம். அந்த நல்ல பந்தை வைத்து ஆடிவிட்டுப் பிள்ளைகள் போய் நின்ற இடம், கைப்பிடி தேய்ந்த பழைய அடிபம்பு.

ஆகவே அதிகாரிகள் கவனத்துக்குத் தங்கள் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஒகேனக்கல் தண்ணீர் செல்லும் ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கென்று தனி இணைப்பும், போர்த் தண்ணீர் ஒருபோதும் ஏற்றப்படாத தனித் தொட்டியும் வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே என்று அதைப் பூட்டி வைத்தாலும் தவறில்லை. முறை வைத்து வரும் நாள்களில் முதல் முறை பள்ளிக்கு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உயரமும் எடையும் எடுக்கும் அதே நாளில் உடற்கல்வி ஆசிரியர் அந்த மூன்று சோதனைகளையும் செய்து, முடியாத பிள்ளைகளின் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஃபுளோரோசிஸ் தடுப்புக்கென்றே 2008-09 முதல் தேசியத் திட்டம் ஒன்று இருக்கும்போது அந்தப் பட்டியலைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும் மாலை வேளையில் தண்ணீர் திறப்பதைத் தவிர்த்து அதைக் காலைக்கு மாற்றுவது குறித்து ஊராட்சி மன்றங்கள் பேச வேண்டும். என் அனுபவத்தில் ஒரே ஒரு ஊராட்சித் தலைவர் அப்படி மாற்றிக் கொடுத்தார். அந்த ஆண்டு என் அணி குறுவட்டப் போட்டியில் வென்றது.

இறுதியாக ஒன்று. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிகளின் தூணில், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள் என்று பெயிண்டில் இரண்டு வரிகள் எழுதியிருப்பார்கள். அவற்றின் கீழே மூன்றாவது வரியாக, இத்தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் சோதித்த நாளையும் எழுதச் செய்ய வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இளஞ்சிவப்புக் கரைசல் மஞ்சளாக மாறுவதைப் பார்த்து அளவைச் சொல்லும் சோதனைப் பெட்டியைக் கையாள அவர்களால் முடியும். பள்ளித் தொட்டியிலும் அந்த எண்ணைப் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய உயரத்தில் எழுத வேண்டும். ஒன்றுக்கு மேல் போனால் எந்தக் குழாயில் குடிக்கக் கூடாது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே முடிவு செய்துகொள்வான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.